சம்பளம் கேட்கப் பயந்தவர்கள்: தேக்காவில் நான் சந்தித்தது

சம்பளப் பிரச்சினையில் மாட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா பக்கம் போய் உட்காருவேன். "சிங்கப்பூரில்தான் சட்டம் இருக்கிறதே, எம்.ஓ.எம்.மில் (மனிதவள அமைச்சில்) போய்ச் சொல்ல வேண்டியதுதானே" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். சட்டம் இருக்கிறது. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் 14 நாளுக்குள். ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு. 2016 முதல் சம்பளச் சீட்டும் கட்டாயம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்தும் பல மாதம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். வேலைக்கு வருமுன் கிடைக்கும் ஐ.பி.ஏ. தாளில் (கொள்கையளவு ஒப்புதல் கடிதம்) அடிப்படைச் சம்பளம் தமிழிலேயே போட்டிருந்தது. கைக்கு வந்தது அதைவிடக் குறைவு, ஓ.டி. பணம் சுத்தமாக இல்லை. "ஏன் தம்பி, அப்பவே வந்திருக்கலாமே?" என்றேன்.

"ஏஜெண்டுக்குக் கட்டினதுல பாதிகூட இன்னும் எடுக்கலண்ணே. அக்கா நகை அடகுல கிடக்கு. வேலை பர்மிட்டை கேன்சல் பண்ணி அனுப்பிட்டா வட்டியை யாரு கட்டுறது?"

அந்தக் கடன்தான் முதலாளிக்குக் காவல் நிற்கிறது. இங்குள்ள ஏஜென்சி ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஊரில் லட்சக்கணக்கில் கறப்பவர்களை அந்த வரம்பு தொடுவதே இல்லை. பர்மிட்டை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும் அதிகாரமோ முதலாளி கையில். இந்த இரண்டும் சேரும்போது யார்தான் வாயைத் திறப்பார்கள்?

நல்லவேளை, அவர் தன் டைம் கார்டை நாள் தவறாமல் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். புகார் கொடுத்த பிறகு நடந்த சமரசப் பேச்சில் கம்பெனி சொன்ன மணிக்கணக்கை அந்தப் படங்கள்தான் உடைத்தன. முழுத் தொகையும் வரவில்லை. ஒரு வருடத்துக்கு முந்திய பாக்கியை இந்தச் சமரச வழியில் கேட்கவே முடியாது. உழைத்த கூலிக்குக் காலாவதி தேதி வைப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அவருடன் வந்த பங்களாதேஷ் நண்பருக்கு ஊர் டாக்கா அருகே சாவார். 2013 ஏப்ரல் 24 அன்று தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தது அங்கேதான். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும், வராவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது என்று மிரட்டி உள்ளே ஏற்றினார்கள். "எல்லாரும் விரிசலைப் பார்த்துட்டுதான் உள்ள போனாங்க" என்றார் அவர், உடைந்த தமிழில்.

பதில் (கட்டுமானத் தொழிலாளி):
அண்ணே, எனக்கு சைட்டில் விரல் நசுங்கியது. டோமில் (தங்கும் விடுதியில்) வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்லி சூப்பர்வைசர் காதில் ஓதினார். டாக்டர் கேட்டபோது நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அது பதிவானதால்தான் எம்.சி. (மருத்துவ விடுப்பு) நாட்களுக்குச் சம்பளமும் இழப்பீடும் கிடைத்தன. அப்புறம் கம்பெனியில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை. தம்பிகளே, டாக்டரிடம் மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

பதில் (உள்ளூர்வாசி):
கட்டுமானத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். என் புளோக்கில் பெயிண்ட் அடிக்க வந்தவர்களிடம் சொன்னேன், ஒருவருக்கும் தெரியவில்லை. பர்மிட் தேதியை இப்போதே பார்த்து வையுங்கள்.