ஸ்னூக்கர்ல, ஃப்ரீ பால்ல ரெண்டு பந்தும் விழுந்தா எத்தனை பாயிண்ட்?

தர்மபுரி_நாலுரோடு:
ஞாயித்துக்கிழமை நடந்தது, இன்னும் மனசு ஆறல. நாலு ரோடு பக்கம் நாங்க ஆடுற கடையில பெரிய டேபிள் ஒண்ணுதான். நானும் எங்க மாமா பையனும். ரெட் எல்லாம் முடிஞ்சு ஆறு கலரும் பாக்கி. நான் 36, அவன் 45. அவன் மஞ்சளுக்கு அடிச்சான், எதுலயும் படல, ஃபவுல். எனக்கு 4 பாயிண்ட். மஞ்சள் கார்னர் பாக்கெட் வாயில தொங்குது, ஆனா வெள்ளைக்கும் அதுக்கும் நடுவுல பிரவுன் முழுசா மறைச்சு நிக்குது.

ஃபவுலுக்கு அப்புறம் அடிக்க வேண்டிய பந்து மறைஞ்சிருந்தா வேற பந்த அதுக்குப் பதிலாச் சொல்லி அடிக்கலாம், அதான் ஃப்ரீ பால். அதக் கேட்டு, பிரவுன்னு சொல்லி அடிச்சேன். பிரவுன் போய் மஞ்சளத் தட்டுச்சு, மஞ்சள் விழுந்துச்சு. பிரவுன் பாக்கெட் உதட்டுல லேசா ஆடி அதுவும் உள்ள போயிடுச்சு. பிரவுனுக்கு 4-ம் மஞ்சளுக்கு 2-ம் 6-னு எழுதுனேன். அவன் ஃபவுல்னான். கடைக்காரர் எழுதிக்கச் சொன்னார். பிரவுன எடுத்து வெச்சுட்டு பச்சையும் (3) பிரவுனும் (4) நான் போட்டேன், நீலம் (5), பிங்க் (6) அவன், கருப்பு (7) நான். 60–56. அவன் கை குடுக்காமலே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். அப்படிப் போறவன் இல்ல அவன். நான் எழுதுனது தப்பா?

ஓசூர்_க்யூ:
சொன்ன பந்து ஒண்ணு, விழுந்தது ரெண்டு. ஃபவுல்தான். 4 பாயிண்ட் அவருக்கு.

கிருஷ்ணகிரி_மார்க்கர்:
ஃபவுல் இல்ல தம்பி. 6-ம் இல்ல. 2 மட்டும்தான்.

ஒரு கிளப்ல 17 வருஷம் மார்க்கரா, அதாவது ஸ்கோர் எழுதுறவனா இருந்தேன். மாங்கா மண்டி முடிச்சு ராத்திரி ஆட வர்றவங்க இதுக்கே விடிய விடிய சண்டை போடுவாங்க. ஃப்ரீ பாலுக்குச் சொந்த மதிப்பு கிடையாது, அடிக்க வேண்டிய பந்தோட மதிப்புதான். உங்க பிரவுன் அந்த ஒரு அடிக்கு மஞ்சள். ரெண்டும் விழுந்தா மஞ்சளுக்கு மட்டும் 2. பிரவுன் திரும்ப ஸ்பாட்டுக்கு, அதாவது அதுக்குன்னு குறிச்ச இடத்துக்கு. அத சரியாத்தான் வெச்சிருக்கீங்க.

ரெட் இருக்கும்போது கணக்கு வேற: ஃப்ரீ பாலும் ஒரு ரெட்டும் சேர்ந்து விழுந்தா ஒவ்வொரு பந்துக்கும் 1, மொத்தம் 2. அங்கதான் எல்லாருக்கும் குழப்பம். ஒரு ரெட்டும் விழாத முன்னாடியே ஃப்ரீ பால் கிடைச்சா அது பதினாறாவது ரெட் மாதிரி. ஒரே பிரேக்ல, அதாவது ஒரே ஆள் விடாம போடுறதுல, வழக்கமா 147தான் உச்சம்; 1-ம் கருப்போட 7-ம் கூடி அது 155 வரைக்கும் போகலாம். 2004-ல யூ.கே. சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றுல ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் ஜேமி பர்னெட் 148 எடுத்தது அந்தக் கணக்குலதான்.

இப்ப உங்க ஸ்கோருக்கு வாங்க. 60-ல 4 போனா 56. 56–56. அப்ப கருப்பு விழுந்ததும் ஃப்ரேம், அதாவது அந்த ஆட்டம், முடியல! கருப்ப ஸ்பாட்ல வெச்சு, டாஸ் போட்டு, வெள்ளைய டேபிள் ஒரு முனையில இருக்குற ‘டி’ங்கிற அரைவட்டத்துக்கு உள்ள இருந்து அடிக்கணும். கருப்பப் போட்டவன் ஜெயிச்சான், ஃபவுல் பண்ணவன் தோத்தான்.

தர்மபுரி_நாலுரோடு:
அண்ணா, இத அப்படியே அவனுக்கு ஃபோன்ல படிச்சுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “டாஸ் யாரு போடுறது?”ன்னு கேட்டான். நேத்து போய் கருப்பையும் வெள்ளையையும் மட்டும் வெச்சோம். டாஸ் அவனுக்கு, என்னைத்தான் அடிக்கச் சொன்னான். ஆளுக்கு நாலஞ்சு அடி மாத்தி மாத்திப் போச்சு. நடு பாக்கெட்டுல அவன் போட்டான். அந்த ஃப்ரேம் அவனோடதுன்னு போர்டுல நான்தான் எழுதுனேன்.