புதுப்பிப்பு: முகவரியிலிருந்து யூடிஎம் அளவுருக்களை நீக்குவது – தீர்வு கிடைத்தது

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெங்களூரு அல்சூரில் நாங்கள் நடத்தும் சிறிய தமிழ் நூலகத்தின் மாத மடல் வழியாக எங்கள் இணையதளத்துக்கு வருபவர்களின் உலாவி முகவரியில் யூடிஎம் அளவுருக்கள் (வருகை எங்கிருந்து வந்தது என்று காட்டும் குறிப்புகள்) ஒட்டிக்கொள்வதையும், அவற்றை நீக்க நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல், அவற்றில் சோர்ஸையும் கேம்பெய்னையும் அகற்றிவிட்டு நடுவில் இருக்கும் மீடியத்தை மட்டும் விட்டுவிடுவதையும் பற்றிக் கேட்டிருந்தேன்.

சாவிகளை (அளவுருக்களின் பெயர்களை) முதலில் தனி அரேயாக (பட்டியலாக) நகலெடுத்துக்கொள்ளச் சொன்ன யோசனைதான் பலித்தது. முகவரியின் அளவுருக்களை வைத்திருக்கும் சர்ச்பாராம்ஸின் சாவிகளைச் சுற்றிவரும்போதே ஒன்றை நீக்கினால், அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்துவிட, சுற்று அதைத் தாண்டிப் போய்விடுகிறது. இப்போது அரே.ஃப்ரம் கொண்டு நகலெடுத்து, யூடிஎம் என்று தொடங்குபவற்றை நீக்கியபின், ஹிஸ்டரி.ரீப்ளேஸ்ஸ்டேட் மூலம் புதிய முகவரியை வைக்கிறேன். பக்கம் மீண்டும் ஏற்றப்படுவதில்லை, முகவரியில் # குறியில் தொடங்கும் ஹாஷ் பகுதியும் அப்படியே இருக்கிறது. லொகேஷன்.சர்ச்சை வெறுமையாக்கும் வழியில் பக்கம் மறுபடி ஏற்றப்பட்டதால் அதைக் கைவிட்டேன்.

எதிர்பாராத ஒன்றும் நேர்ந்தது. நீக்கியபின் எஞ்சிய அளவுருக்களும் புதிதாக எழுதப்படுவதால், இடைவெளியைக் குறித்த %20 எல்லாம் + ஆகிவிடுகிறது. தேடல் சொல்லைப் படிக்க நான் முன்பு பயன்படுத்திய டிகோட்யூஆர்ஐகம்போனன்ட் அந்தக் கூட்டல் குறியை இடைவெளியாக மாற்றாது என்பதால், தேடல் பெட்டியில் "நாட்டுப்புறக்+கதைகள்" என்று தெரிந்தது. ஒரு நூலும் கிடைக்கவில்லை. மதிப்பை சர்ச்பாராம்ஸ்.கெட் மூலமே படிக்குமாறு மாற்றியதும் சரியாகிவிட்டது. இதே வழியில் போகிறவர்கள், முகவரியைப் படிக்கும் பழைய நிரல்வரிகளையும் அவசியம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.