மரியாதை வளர்ந்தா உன்னதம் ஆகுமா?

இளவேனில்:
எல்லாருக்கும் வணக்கம். ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தா, பேச விட்டு பொறுமையா கேட்டா பண்பானவர்னு சொல்றோம், அதுவே பெரிய தியாகம்னா உன்னதமான மனுஷர்ங்கறோம். இது வெறும் அளவு வித்தியாசமா, இல்ல ரெண்டும் வேற வேற ரகமா? ஒருத்தரைப் பாராட்டி மேடையில பேசணும், எதை எங்க போடறதுன்னு குழப்பமா இருக்கு.

வழிப்போக்கன்:
வேற ரகம்தாங்க. மரியாதைக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும், உன்னதத்துக்கு அது தேவையில்ல, மலையும் கடலும்கூட உன்னதம்தான், ஆனா பண்பான மலைன்னு யாராவது சொல்வாங்களா. ஐரோப்பிய தத்துவவாதிகள் எட்மண்ட் பர்க் 1757லயும் இம்மானுவேல் காண்ட் 1790லயும் உன்னதத்தைப் பத்தி எழுதினப்போ பேசினது பிரம்மாண்டத்தைத்தான், புயல் அடிக்கிற கடல் மாதிரி, அதுக்கு முன்னாடி நாம சின்னதாகி உள்ளுக்குள்ள ஒரு பயம் வரும். மரியாதைல பயம் கலந்தா அது மரியாதையே இல்ல. இன்னொண்ணு, மரியாதையை சொல்லிக் கொடுக்கலாம், கிடைக்கலன்னா கேட்கலாம், உன்னதத்தை யார்கிட்டயும் கேட்டு வாங்க முடியாது.

தேன்மொழி:
இயற்கைக்கு நீங்க சொல்றது சரி, மனுஷங்களுக்கு ஒத்துக்க மாட்டேன். குறள்ல 98வது அதிகாரம் பெருமை, 99 சான்றாண்மை, 100 பண்புடைமை, மூணும் அடுத்தடுத்து நிக்குது. பெருமை அதிகாரத்துக்குள்ளயே "பணியுமாம் என்றும் பெருமை"ன்னு வருது, உசந்தவங்கதான் பணிவாங்க, சின்ன புத்திதான் தன்னைத்தானே மெச்சிக்கும். பண்புடைமையோ யாரும் சுலபமா அணுகற மாதிரி இருக்கறதுலேருந்து ஆரம்பிக்குது. அதைவிட 580வது குறளைப் பாருங்க, பழகினவங்க கண்ணெதிர்லயே நஞ்சை ஊத்தினாலும் முகம் கோணாம குடிச்சிட்டு அவங்களோட பழையபடியே இருப்பாங்களாம், நயத்தக்க நாகரிகம் வேணும்ங்கறவங்க. அங்க வள்ளுவர் சொல்றது நாகரிகம்னுதான், நமக்கு மயிர்க்கூச்செறியுது. நீங்க சொன்ன பயம் கலந்த பிரமிப்பு இதுல இல்லையா சொல்லுங்க?

வழிப்போக்கன்:
இருக்கு, அதை மறுக்க முடியல. ஆனா அங்க விலை உயிர். விலையே இல்லாத மரியாதை, வணக்கம் நன்றி இதெல்லாம், எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் அங்க போய்ச் சேராதுன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். தனக்குக் கெடுதல் பண்ணவங்ககிட்டயும் அதே பண்போட நடந்துக்கறப்பதான் அது வேற ஒண்ணா மாறுது.

தேன்மொழி:
அதுக்கும் குறள் இருக்கு, 987, இன்னா செய்தார்க்கும் இனியவே செய்யலன்னா சால்பால, அதாவது நிறைஞ்ச குணத்தால, என்ன பயன்னு கேக்கறார். அதுக்காக தினசரி மரியாதையைக் குறைச்சுப் பேசாதீங்க, மனுஷங்க ஒண்ணா வாழறதே அதாலதான், உன்னதம் இல்லாம ஒரு வருஷம் ஓட்டலாம், மரியாதை இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாது.

நெடுவழி:
இளவேனில், உங்க பேச்சுக்கு வரேன். வரவேற்பு, உபசரிப்பு, பழகற விதம் இதுக்கெல்லாம் அன்பான, பண்பான போதும், "உன்னதமான வரவேற்பு"ன்னு தயவுசெஞ்சு போடாதீங்க. அவர் எதையாவது இழந்து ஒண்ணு செஞ்சிருந்தா, முதல்ல அதை விவரமா சொல்லிட்டு அப்புறமா ஒரே ஒரு தடவை உன்னதம்னு சொல்லுங்க.

இளவேனில்:
அப்படி ஒரு விஷயம் அவர் செஞ்சிருக்கார், வெளில யாருக்கும் தெரியாது. அவர்கிட்ட கேட்டுட்டுதான் சொல்லணும், கேக்கறேன்.