8 வயசுப் பையனை சைக்கிள் பின்னாடி உக்கார வைக்க எந்தக் கேரியர்?

தஞ்சை_மல்லி:
பையனுக்கு 8 வயசு, 25 கிலோ. குழந்தை சீட்டுல இனி முடியல, முட்டி என் முதுகுல இடிக்குது. ஸ்கூல் 3 கிலோமீட்டர். மெயின் ரோட்டுல பஸ் போற வேகத்துக்கு அவனைத் தனியா விட மனசு வரல. என்னோடது கியர் சைக்கிள். சீட் கம்பியில மாட்டுற கேரியர் ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது, வாங்கலாமா?

சக்கரம்77:
வேண்டாம்க்கா, அது டிபன் பைக்குத்தான். ஒரே கிளாம்ப் பிடிச்சிருக்கும், பள்ளத்துல இறங்குனா பக்கவாட்டுல திரும்பிடும். தாங்குற எடை அதுலயே அச்சடிச்சிருக்கும், 10 கிலோனுதான் நிறைய வருது. பின்பக்கக் குழந்தை சீட்டுக்கே ஐரோப்பியத் தர அளவு 22 கிலோ. தம்பி அதையும் தாண்டியாச்சு.

ஆரக்கம்பி:
பழைய லேடீஸ் சைக்கிள் செகண்ட்ஸ்ல பாருங்க. இரும்புக் கேரியர், ரெண்டு காலும் பின் அச்சு நட்டுல இறங்கியிருக்கணும். ஜாயிண்ட்ல வெல்டிங் விட்டிருக்கான்னு தடவிப் பாருங்க. பழைய ரோட்ஸ்டர்னா (கியர் இல்லாத கனமான சைக்கிள்) பின் சக்கரத்துல 40 ஆரக்கம்பி இருக்கும், பாரம் தாங்கும்.
கேரியரை விட முக்கியம் கால். தூக்கக் கலக்கத்துல குதிகால் ஆரத்துக்குள்ள போச்சுன்னா சதையே கிழிஞ்சிடும். ரெண்டு பக்கமும் சாரி கார்டு (சேலை சக்கரத்துல சிக்காம தடுக்குற கம்பி வலை) போடுங்க, கால் வைக்க ஸ்டெப்பும் மாட்டுங்க. செருப்பு வேண்டாம், ஷூ.

தஞ்சை_மல்லி:
ஸ்டெப்பை இந்த கியர் சைக்கிள்லயே மாட்ட முடியாதா? பின் சக்கரத்தை லீவரைத் திருப்பிக் கழட்டுற மாதிரி இருக்கு.

ஆரக்கம்பி:
லீவர் அச்சுல ஸ்டெப் நிக்காது. நட்டு போட்ட கெட்டி அச்சு வேணும், மரையும் வெளியே நீட்டியிருக்கணும்.

நிழல்சாலை:
சின்ன சைக்கிளை பெரிய சைக்கிளோட இணைக்கிற கம்பி வெளிநாட்டுல இருக்கு. நம்ம மார்க்கெட் நெரிசல்ல அந்த நீளத்தோட திரும்பவே முடியாது, மறந்துடுங்க.
ஸ்கூல் பையை அவன் முதுகுல விடாதீங்க. பாரம் பின்னாடி சாஞ்சா முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். முன் கூடையில போடுங்க.

தஞ்சை_மல்லி:
சரிங்க. அவனை ஏத்துறதுக்கு முன்னாடி ஓட்டிப் பழக என்ன செய்ய?

சக்கரம்77:
25 கிலோ அரிசி சிப்பத்தைக் கேரியர்ல கட்டி தெருவுல ஒரு ரவுண்டு போங்க. பின் டயர்ல காத்தை ஏத்திட்டு, பிரேக்கையும் அப்பவே பிடிச்சுப் பாத்துடுங்க. சிப்பம் அசையாது, பையன் அசைவான். அதனால முதல் வாரம் மெயின் ரோடு வேண்டாம்க்கா.