தேனிலவு என்று எழுதினால் தேனிக்கு லிங்க் விழுகிறது, ரெஜெக்ஸ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஜீப்நேரம்

வணக்கம். கம்பம், போடி பக்கமிருந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப், பஸ் நேரங்களும், மலைக்கு மேலே கீழே உள்ள அறிவிப்புகளும் போடுகிற ஒரு சின்ன தளம் நடத்துகிறேன். அறிவிப்பில் ஊர்ப் பெயர் எங்கே வந்தாலும் அந்த ஊரின் நேர அட்டவணைக்குத் தானாக லிங்க் விழ வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஜாவாஸ்கிரிப்டில் ரெஜெக்ஸுக்கு (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடுகிற முறை) உதவுகிற எக்ஸ்ரெஜெக்ஸ்ப் லைப்ரரியைப் போட்டு, அதில் ரீப்ளேஸ்ஈச் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே, அதற்கு ஊர்ப் பட்டியலை அப்படியே கொடுத்துவிட்டேன்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். "மூணாறு தேனிலவு பேக்கேஜ்" என்ற விளம்பரத்தில் "தேனி" மட்டும் நீலமாகி "லவு" தனியாக நிற்கிறது. "தேனில் ஊறிய நெல்லிக்காய்" கதையும் அதேதான். "மின்கம்பம் சாய்ந்து போக்குவரத்து நிறுத்தம்" என்றால் "மின்" தனி, "கம்பம்" லிங்க். போடிநாயக்கனூரில் "போடி" மட்டும் லிங்க். இதெல்லாம் கூடப் பரவாயில்லை, சில இடங்களில் லிங்கே உடைந்து, கோண அடைப்புக்குறியும் மேற்கோள் குறியுமாகப் பக்கத்தில் கொட்டிக் கிடக்கிறது.

வார்த்தை எல்லைக்கு பேக்ஸ்லாஷ் பி போட வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் போட்டேன். அதன் பிறகு ஒரு ஊருக்கும் லிங்க் விழவில்லை, தேனிக்கே விழவில்லை. என்ன செய்யலாம்?

லோயர்கேம்ப்

தம்பி, கடைசியில் சொன்னதில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டின் பேக்ஸ்லாஷ் பி-க்கு ஆங்கில எழுத்து, 0 முதல் 9 வரை எண், அடிக்கோடு, இவை மட்டும்தான் "வார்த்தை". தமிழ் எழுத்து மொத்தமும் அதன் கண்ணுக்கு நிறுத்தற்குறி மாதிரிதான். இடைவெளியும் வார்த்தை இல்லை, "தே"யும் வார்த்தை இல்லை, அப்புறம் நடுவில் எல்லை எங்கிருந்து வரும்? அதனால்தான் ஒன்றுமே பொருந்தவில்லை. யூனிகோட் ஃபிளாக் போட்டாலும் இது மாறாது. எக்ஸ்ரெஜெக்ஸ்ப் யூனிகோட் வகைகளையெல்லாம் சேர்த்துக் கொடுக்கும், ஆனால் பேக்ஸ்லாஷ் பி-யைத் தொடாது.

வேலியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்:

/(?<![ஃ-௺])(போடிநாயக்கனூர்|போடிமெட்டு|போடி|கம்பம்|தேனி|குமுளி)(?![ஃ-௺])/

கடைசியில் ஜி ஃபிளாக் (முதல் பொருத்தத்தோடு நிற்காமல் எல்லாவற்றையும் தேடச் சொல்வது) சேர்த்துக்கொள்ளுங்கள், இங்கே எழுதவில்லை. சதுர அடைப்புக்குள் இருப்பது ஆய்த எழுத்தில் தொடங்கி யூனிகோடின் தமிழ்ப் பகுதி முடிகிற வரைக்கும் உள்ள எல்லாம்: உயிர், மெய், கால், கொம்பு, புள்ளி, தமிழ் எண் உட்பட. முன்னால் ஒரு தமிழ்க் குறி இருந்தால் வேண்டாம், பின்னால் இருந்தாலும் வேண்டாம் என்பதே இதன் பொருள். மின்கம்பமும் தேனிலவும் இதிலேயே தப்பித்துவிடும்.

பட்டியலில் நீளமான பெயரை முதலில் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் இடமிருந்து வலமாக முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், நீளமானதைத் தேடிப் போகாது.

பாம்பாட்டி

இதற்கெல்லாம் எதற்கு ஜாவாஸ்கிரிப்ட், சர்வரில் பைத்தானில் செய்துவிட்டு வாருங்கள். அங்கே பேக்ஸ்லாஷ் பி யூனிகோடைப் புரிந்துகொள்ளும்.

போடிக்காரி

பாம்பாட்டி அண்ணே, அது பாதிதான் உண்மை. பைத்தானில் கூடவே வருகிற ரெஜெக்ஸ் மாட்யூல் தமிழ் எழுத்தை வார்த்தையாக எடுத்துக்கொள்ளும், ஆனால் கால், கொம்பு, புள்ளியை எடுத்துக்கொள்ளாது. யூனிகோடில் அவை எழுத்து வகை இல்லை, குறி வகை. அதனால் "தேனி" என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே எல்லைகள் முளைக்கும், அது இன்னும் பெரிய தலைவலி. ஜாவாஸ்கிரிப்டிலும் இதே பள்ளம் உண்டு: எழுத்து வகையை மட்டும் கேட்டால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் சொல் வெட்டுப்படும், எழுத்து வகையும் குறி வகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லோயர்கேம்ப் அண்ணன் கொடுத்த மாதிரி தமிழ்ப் பகுதியை மொத்தமாக அடைத்துவிடுவதே நிம்மதி.

நீளமானது முதலில் என்பதற்கு ஒரு திருத்தம். வலது பக்க வேலி போட்ட பிறகு வரிசை முக்கியமில்லை. "போடி" முதலில் பொருந்தினாலும் அடுத்து "நா" வருவதால் வேலி தடுக்கும், எஞ்சின் திரும்பி வந்து அடுத்த பெயரைப் பார்க்கும். வேலி இல்லாதபோதுதான் வரிசை உயிர்நாடி. ஆனாலும் நீளமானதை முதலில் வைப்பது நல்ல பழக்கம், வேலியை யாராவது பின்னால் எடுத்துவிட்டால் காப்பாற்றும்.

ஜீப்நேரம், உங்கள் லிங்க் உடைந்து கொட்டுவது வேறு பிரச்சினை. ரீப்ளேஸ்ஈச் பட்டியலை வரிசையாக ஓட்டும், முதல் மாற்றத்தின் விளைவின் மேல்தான் இரண்டாவது மாற்றம் நடக்கும். லைப்ரரி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, அது பிழை இல்லை. கம்பத்துக்கு நீங்கள் போடுகிற லிங்கின் டைட்டிலில் "தேனி மாவட்டம்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அடுத்து வருகிற தேனி விதி அந்த டைட்டிலுக்குள் புகுந்து இன்னொரு லிங்க் போட்டிருக்கும். எல்லா ஊரையும் ஒரே பேட்டர்னில் சேர்த்து ஒரே ஓட்டத்தில் முடியுங்கள். மாற்றுச் சொல்லாக ஸ்ட்ரிங் கொடுக்காமல் ஒரு ஃபங்ஷன் கொடுங்கள், அது பொருந்திய ஊரை ஒரு மேப்பில் (ஊர்ப் பெயரும் அதன் லிங்க்கும் உள்ள பட்டியல்) தேடி லிங்க்கைத் திருப்பித் தரட்டும். ஒருமுறை மாற்றிய இடத்தை மறுபடி பார்க்காது.

ஜீப்நேரம்

அக்கா, அப்படியேதான், டைட்டிலில் தேனி மாவட்டம் இருக்கிறது. ஒரே ஓட்டமாக மாற்றியதும் உடைவது நின்றுவிட்டது. தேனிலவும் தப்பித்தது.

ஆனால் இப்போது "தேனியில்", "குமுளிக்கு", "கம்பத்திலிருந்து" எதற்கும் லிங்க் இல்லை. அறிவிப்பில் பெயர் வெறும் பெயராக வருவதே குறைவு. இன்னொன்று: எந்தப் பத்தியில் ஊர் இருக்கிறது என்று முதலில் டெஸ்ட் போட்டு வடிகட்டிவிட்டுத்தான் மாற்றுகிறேன். அதில் சில பத்திகள் விட்டுப்போகின்றன, கண் முன்னால் தேனி என்று இருந்தும்.

லோயர்கேம்ப்

இரண்டாவதற்குச் சின்ன பதில். ஜி ஃபிளாக் உள்ள ரெஜெக்ஸ் கடைசியாக எங்கே நின்றது என்று ஞாபகம் வைத்திருக்கும், லாஸ்ட்இன்டெக்ஸ் என்று பெயர். டெஸ்ட் ஒரு பத்தியில் வெற்றி பெற்றால் அடுத்த பத்தியை அந்த இடத்தில் இருந்துதான் பார்க்கத் தொடங்கும், பெயர் அதற்கு முன்னாலேயே இருந்தால் காணாது. டெஸ்டுக்கு ஜி இல்லாத இன்னொரு ரெஜெக்ஸ் வையுங்கள். அல்லது வடிகட்டுவதையே விட்டுவிடுங்கள், ரீப்ளேஸ் பொருந்தாவிட்டால் உள்ளபடியே திருப்பித் தரும், என்ன நஷ்டம்?

வேற்றுமைக்கு, ஊரின் முடிவைப் பார்த்து இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். இகரத்தில் முடிவதற்கு:

/(?<![ஃ-௺])(தேனி|போடி|குமுளி)(யில்|யிலிருந்து|யிலும்|யை|யின்|யும்|க்கு|க்கும்)?(க்|ச்|த்|ப்)?(?![ஃ-௺])/

நடுவில் உள்ளது உருபு, விட்டுவிடலாம் என்பதற்குக் கேள்விக்குறி. அதற்கு அடுத்தது சந்தி. "குமுளிக்குப் போகும்", "தேனியைச் சேர்ந்த" என்று ஒழுங்காக எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. இதில் அழகு என்னவென்றால் தேனுக்கு யகரம் வராது. ஊர் என்றால் தேனியில், தேன் என்றால் தேனில். அந்த ஒரு "ய" இரண்டையும் பிரித்துவிடுகிறது, நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மகர மெய்யில் முடிகிற கம்பத்துக்கு அடி "கம்ப", அதன் பின் இந்தக் கூட்டம்:

(ம்|மும்|த்தில்|த்திலிருந்து|த்தை|த்தின்|த்துக்கு|த்திற்கு)

இதற்குக் கேள்விக்குறி வேண்டாம், ஏதாவது ஒன்று வந்தே ஆக வேண்டும். முன்னும் பின்னும் அதே வேலி, அதே சந்தி. கொல்லம், திருவனந்தபுரம் எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். இரண்டு கூட்டத்தையும் நடுவில் நெடுங்கோடு போட்டு ஒரே பேட்டர்னாகக் கட்டுங்கள், தனித்தனியாக ஓட்டினால் போடிக்காரி சொன்ன வம்பு திரும்பி வரும்.

நெடுங்கண்டம்

மலைக்கு மேலே இருந்து ஒரு சேர்க்கை. போன்களில் இருந்து ஒட்டுகிற செய்தியில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் நிறைய வரும், யூனிகோட் எண் 200பி, 200சி, 200டி. "கம்" என்பதற்கும் "பம்" என்பதற்கும் நடுவே ஒன்று உட்கார்ந்திருந்தால் திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, பொருந்தவும் பொருந்தாது. இவை தமிழ்ப் பகுதிக்கு வெளியே இருப்பதால் வேலியும் ஏமாறும். இன்னொன்று, "போ" என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். பார்க்க ஒரே "போடி", உள்ளே வேறு. மாற்றுவதற்கு முன்னால் ஸ்ட்ரிங்கை நார்மலைஸ் செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் "ள"வும் அடிக்கிறவர்களை நார்மலைஸ் காப்பாற்றாது, அது நிஜமாகவே வேறு எழுத்து.

எங்கள் பக்கத்து அறிவிப்பு மலையாளத்திலும் வருமே, அதற்கும் இதே ஸ்கிரிப்ட் ஓடுமென்றால் கவனம். மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்யின் தனி வடிவங்கள்) 2008-இல் வந்த யூனிகோட் 5.1-இல்தான் தனித்தனி எண் கிடைத்தது. அதற்கு முன்னால் எழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), 200டி என்று மூன்றாக எழுதினார்கள், இன்றும் அப்படி வருவதுண்டு. மூணாறை மலையாளத்தில் எழுதினால் கடைசியில் ரகரச் சில்லுதான், ஆகவே ஒரே ஊர் இரண்டு விதமாக வரும், நார்மலைஸ் இதை ஒன்றாக்காது. 200டி-யைக் கண்மூடித்தனமாக நீக்கினால் பழைய முறையில் எழுதிய சில்லு சிதைந்துவிடும். முதலில் பழைய சில்லைப் புதியதாக மாற்றுங்கள், அப்புறம் நீக்குங்கள்.

குமுளிக்கு மூன்று எழுத்துமுறை வருகிறது: (?:குமுளி|குமிளி|குமளி). மூன்றையும் போட்டுவிடுங்கள், எது சரி என்று இங்கே சண்டை வேண்டாம்.

ஜீப்நேரம்

எல்லாம் சேர்த்துவிட்டேன், நன்றாக ஓடுகிறது, எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒரு வாசகர் பழைய ஐபோனில் ஒரு லிங்க்கும் இல்லை என்கிறார், நேரத் தேடலும் வேலை செய்யவில்லையாம். "கம்பத்தில் ஏறிய லைன்மேன்" என்ற செய்தியில் கம்பத்துக்கு லிங்க் விழுந்திருக்கிறது, அதற்கும் ஏதாவது வழி?

போடிக்காரி

ஐபோன் கோளாறு முன்பக்க வேலியால். பின்னோக்கிப் பார்க்கிற அந்த வசதி 2018-இல் மொழிக்குள் வந்தது, சஃபாரியில் 16.4-இல்தான், அதாவது 2023-இல்தான் வந்தது. பழைய சஃபாரி அதைப் படிக்கும்போதே சின்டாக்ஸ் எரர் என்று முழு ஃபைலையும் தூக்கி எறிந்துவிடும், அதனால்தான் தேடலும் சேர்ந்து போனது. அந்த இடத்தில் (^|[^ஃ-௺]) என்று ஒரு குழுவாகப் பிடித்து, ஃபங்ஷனுக்குள் அதை லிங்க்குக்கு முன்னால் திருப்பி வைத்துவிடுங்கள். வலது வேலி எதையும் விழுங்காது, அதனால் "தேனி கம்பம்" என்று அடுத்தடுத்து வந்தாலும் இரண்டும் கிடைக்கும்.

லைன்மேனுக்கு ரெஜெக்ஸில் வழி இல்லை. கம்பத்தில் ஏறுவதும் கம்பத்தில் இறங்குவதும் அதற்கு ஒன்றுதான். "ஏறிய" என்றால் விடு, "இறங்கி" என்றால் போடு என்று அடுத்த சொல்லைப் பார்த்து விதி எழுத ஆரம்பித்தால் முடிவே இருக்காது, கம்பத்தில் பஸ் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் தானியங்கி லிங்க்கை நேர அட்டவணைப் பத்திகளோடு நிறுத்துங்கள். செய்திக்குள் வேண்டுமானால் எழுதுகிறவரே இரட்டைச் சதுர அடைப்பு போடட்டும்.

ஜீப்நேரம்

கூடலூரையும் அந்தக் கணக்கிலேயே விட்டுவிடலாமா? இங்கே கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்று, நீலகிரியில் ஒன்று. நீலகிரிக் கூடலூர் செய்தியும் எங்களுக்கு வருகிறது.

லோயர்கேம்ப்

ஆமாம், அதைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். அடைப்புக்குள் [[கூடலூரில்|கூடலூர் நீலகிரி]] என்று எழுத வையுங்கள், இடது பக்கம் திரையில் தெரிய வேண்டியது, வலது பக்கம் மேப்பில் தேட வேண்டியது. பேட்டர்ன் இது:

/\[\[([^\]|]+)(?:\|([^\]]+))?\]\]/

இரண்டாவது குழு காலியாக இருந்தால் முதல் குழுவையே மேப்பில் தேடுங்கள். மேப்பில் இல்லாத பெயர் வந்தால் லிங்க் போடாமல் வெறும் சொல்லைத் திருப்பிக் கொடுத்து, கன்சோலில் ஒரு வரி எழுதிவிடுங்கள், யார் எங்கே பெயரை மாற்றி அடித்தார்கள் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.