பாய்மரப் படகின் பாய்க்கு உறை: பிவிசி படுதா சரிவருமா?

படுதா_கஸ்பா:
வணக்கம். வேலூர் கஸ்பாவில் 22 வருடமாக லாரிப் படுதா தைக்கிறேன். கடல் சம்பந்தமான வேலை இதுதான் முதல் தடவை. காட்பாடி டாக்டர் ஒருவர் சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு வைத்திருக்கிறார். பெரிய பாயை இறக்கி, அடியில் இருக்கும் பூம் கட்டைமேல் மடித்துக் கட்டி, அதன்மேல் ஓர் உறை போடுவாராம். அது கிழிந்துவிட்டது, அதே மாதிரி வேண்டும் என்கிறார். பழையதைப் பிரித்துப் பார்த்தேன். துணி கெட்டியாகத்தான் இருக்கிறது. நூலோ நகம் பட்டாலே உதிர்கிறது. மூன்று வருடம்கூட ஆகவில்லையாம்.

என்னிடம் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் கழித்த வாக்கிங் ஃபுட் மெஷின் (கெட்டித் துணியைப் பாதமும் சேர்ந்து நகர்த்தித் தைப்பது), நைலான் நூல், தோல் ஊசி எல்லாம் உண்டு. பிவிசி படுதாவில் தைத்தால் சொட்டுத் தண்ணீர் இறங்காது, அவருக்கும் செலவு குறையும். செய்யலாமா? என் தையலால் அவர் பாய் கெட்டால் மனசு ஆறாது.

குடியாத்தம்_மாலுமி:
அண்ணே, பிவிசி வேண்டவே வேண்டாம். லாரி படுதா மழைக்குப் போடுவது, இது வெயிலுக்குப் போடுவது. பாய் பாலியெஸ்டர் துணி. வருடக்கணக்கில் வெயில் பட்டால் அதன் வலு போய்விடும். பிவிசி வெயிலைத் தடுக்கும், ஆனால் காற்றை விடாது. பாயில் உப்பு ஒட்டியிருந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த அக்ரிலிக் கான்வாஸ் வாங்குங்கள். தண்ணீர் வழிந்து ஓடும், துணியும் மூச்சு விடும். அடிப்பக்கத்தை முழுசாக மூடாமல், கொக்கியும் ரப்பர் கயிறும் வைத்து ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

டாக்டரிடமும் ஒன்று சொல்லுங்கள்: நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காமல் பாயை மடிக்கக் கூடாது. புயல் வருகிறது என்றால் உறையை மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டு வரக் கூடாது. பாயையே கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும்.

வாணியம்பாடி_மெஷின்:
அண்ணா, தோல் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் மெஷின் அருமை, ஊசியை மட்டும் மாற்றுங்கள். தோல் ஊசியின் முனை கத்தி மாதிரி, நெய்த துணியில் இறங்கினால் இழையை அறுத்துவிடும். கெட்டித் துணிக்கான, வெட்டு விளிம்பில்லாத உருண்ட கூர்முனை ஊசி போடுங்கள். நைலான் நூல் ஷூவுக்குச் சரி, வெயிலில் பாலியெஸ்டரைவிடச் சீக்கிரம் இற்றுப்போகும். அந்தப் பழைய உறையில் உதிர்ந்தது நைலானாகவே இருக்கலாம். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல் போதும். டாக்டர் செலவுக்குத் தயார் என்றால் பிடிஎஃப்இ நூல், அதாவது ஒட்டாத தவாவில் பூசும் டெஃப்லான் வகை. அதை வெயில் ஒன்றும் செய்யாது. ஆனால் வழுக்கும், மெஷினில் நூல் இறுக்கத்தை (டென்ஷன்) கூட்டிவைத்துத் துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள்.

படுதா_கஸ்பா:
நல்லவேளை கேட்டேன், நைலான் கண்டை மெஷினில் மாட்டியே வைத்திருந்தேன். அளவு எப்படி எடுப்பது? பழைய உறையை விரித்து அப்படியே வெட்டலாமா?

குடியாத்தம்_மாலுமி:
வேண்டாம் அண்ணே, அது இழுபட்டிருக்கும். நேரில் போங்கள். பாயை இடம் வலமாக மாற்றி மாற்றி மடித்து, நாடா எல்லாம் கட்டியபிறகு, அரை மீட்டருக்கு ஒரு தடவை சுற்றளவு எடுங்கள். பாய்மரத்தை ஒட்டிய இடத்தில்தான் குவியல் உயரம், பின்னால் போகப் போக ஒல்லியாகும். முன்பக்கம் பாய்மரத்தையே சுற்றிக் கழுத்துப்பட்டை மாதிரி வரவேண்டும். உச்சியில் நீளவாக்கில் தையல் விடாதீர்கள், தண்ணீர் அங்கேதான் இறங்கும். குறுக்கு ஒட்டு வந்தால் ஓடு வேய்ந்த மாதிரி மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் படியட்டும். தளர்வாகவும் தைக்காதீர்கள், காற்றில் படபடத்தால் தையல் தேயும்.

படுதா_கஸ்பா:
ஞாயிற்றுக்கிழமை டாக்டரோடு படகுக்குப் போகிறேன். பழைய செய்தித்தாளும் பசை டேப்பும் எடுத்துக்கொண்டு, குவியல்மேலேயே பேட்டர்ன் ஒட்டி வெட்டப் போகிறேன். கொக்கிகளுக்குத் துரு பிடிக்காத எஃகு வேலூரிலேயே கிடைக்குமா என்று நாளைக்கு லாங் பஜாரில் விசாரிக்கிறேன்.