சென்னை ஷோரூமில் நிற்கும் குத்துவிளக்குப் பணம்: எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தில் வாங்க முடியுமா?

நாச்சியார்கோவில் பட்டறை:
சென்னை ஷோரூம் ஒன்றுக்கு 2 லட்சம் ரூபாய்க்குப் பித்தளைக் குத்துவிளக்கு அனுப்பி அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு. ஜிஎஸ்டி பில், லாரி ரசீது, உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) மூணும் இருக்கு. எத்தனை நாளுக்குள்ள பணம் தரணும்னு எழுத்துல எதுவும் இல்லை. பணம் கேட்டா, "பாலிஷ் கறுத்துடுச்சு, சிலதுல மரை பிடிக்கலை"ன்னு போன்ல மட்டும் சொல்றாங்க. மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்துல புகார் கொடுத்தா பணம் வருமா? எங்கேருந்து தொடங்கணும்?

குடந்தை கணக்கர்:
வரும் சார். முதல்ல உத்யம் சான்றிதழை எடுத்து ரெண்டு இடத்தைப் பாருங்க. பதிவுத் தேதி பில் தேதிக்கு முந்தினதா இருக்கணும். சரக்கு போனபிறகு செஞ்ச பதிவு பழைய பில்லுக்கு உதவாதுன்னு உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல பிடிக்கிறது அதைத்தான்.

அடுத்தது, முக்கியச் செயல்பாடு 'உற்பத்தி'ன்னு இருக்கணும். கம்ப்யூட்டர் சென்டர்ல, விளக்கு விற்கிறவர்தானேன்னு 46, 47-இல் தொடங்குற வியாபாரக் குறியீட்டைப் போட்டுடுறாங்க. உற்பத்திக்கு உள்ளது 10 முதல் 33 வரையான பிரிவுகள். வியாபாரின்னு பதிஞ்சிருந்தா வங்கிக் கடன்ல முன்னுரிமை மட்டும்தான், தாமதமாகுற பணத்தைக் கேக்க இந்த எம்எஸ்எம்இ சட்டம் கைகொடுக்காது. பட்டறைக்காரங்க பலருக்கு இது தெரியாமலே போறது வருத்தமான விஷயம். பதிவு இலவசம். காசு கேக்குற தளம் அரசுத் தளமே இல்லை.

தஞ்சை வரி ஆலோசகர்:
எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டத்தின் 15-ஆம் பிரிவு. எழுத்தே இல்லாத உங்கள் விஷயத்தில் 15 நாள்தான். அதைப் பில் தேதியிலிருந்து எண்ணாதீர்கள், சரக்கு இறங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். குறை இருந்தால் அந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். போன் பேச்சு செல்லாது. ஆகவே கடைக்காரரின் கையெழுத்தும் தேதியும் உள்ள டெலிவரி நகலைப் பார்சல் ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். வழக்கே அந்த ஒரு தாளில்தான் நிற்கிறது.

தாமதத்துக்கு வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற அடிப்படை வட்டி விகிதத்துக்கு மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. பேங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்தால் மாதத்துக்கு 1.5 சதவீதம். தவணை கடந்து 5 மாதம் ஆனால் 2 லட்சத்துக்கு 15,457 ரூபாய் வரும்.

புகாருக்கு முன் உத்யம் எண்ணோடு கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கி மார்ச் 31-ஐத் தாண்டினால், வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. கடிதத்தைப் பார்த்ததும் அவர்களுடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார்.

நாச்சியார்கோவில் பட்டறை:
நன்றி சார். கடிதத்துக்கும் அசையலைன்னா? சென்னைக்கு அலையணுமா?

தஞ்சை வரி ஆலோசகர்:
வேண்டாம். அமைச்சகத்தின் தளத்தில் மனுப் போட்டால் அது இந்த மாதிரிப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநில அரசின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும்; அமைச்சகம் நேரடியாக வசூலித்துத் தராது. சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற ஊர்களில் மன்றங்கள் உண்டு. விற்றவரின் ஊரை வைத்துத்தான் எல்லை என்பதால் உங்களுக்குத் திருச்சி. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. சட்டம் 90 நாள் என்கிறது, நடப்பில் கூடுதலாக இழுக்கும். தீர்ப்பை எதிர்த்துக் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இந்தச் சட்டத்தின் பலமே அங்கேதான்.

சுவாமிமலை வார்ப்பு:
மரைப் புகாரை அலட்சியமா விடாதீங்க அண்ணே. அடிபாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் எல்லாம் தனித்தனியா கடைஞ்சு மரை போடுறது. பிரிச்சுப் பேக் பண்ணும்போது ஒரு விளக்கோட தண்டு இன்னொண்ணோட தட்டுக்குப் போயிட்டா பிடிக்காது. ஒவ்வொரு பாகத்துலயும் உள்பக்கம் ஒரே எண்ணைப் பஞ்ச்சால அடிச்சு அனுப்பினா இந்தப் பேச்சே வராது. இப்ப உண்மையிலேயே பிடிக்காத விளக்கு இருந்தா, அதை மட்டும் திருப்பி எடுத்து, அந்தத் தொகையைப் பில்லுலேருந்து குறைக்கிற கிரெடிட் நோட் போட்டுட்டு, மீதித் தொகைக்கு மனுப் போடுங்க. முழுத் தொகையும் கேட்டா அந்த நாலஞ்சு விளக்கை வெச்சே சமரசத்தை இழுத்துடுவாங்க.